வீட்டு வாசலில் ஒரு பாய்மரப் படகு: வாங்கலாம், காப்பாற்ற முடியுமா?

சொந்தமாக ஒரு படகு என்றதும் பலருக்கும் கண்முன் வருவது பணக்காரர்களின் வெள்ளைச் சொகுசுப் படகும், அதை நிறுத்த மாதா மாதம் வாடகை வாங்கும் மரினாவும்தான். காருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்லக்கூடிய சிறிய பாய்மரப் படகு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. வீட்டு வாசலிலேயே நிறுத்தலாம். விடுமுறை நாளில் கடற்கரைக்கு இழுத்துச் செல்லலாம். இயந்திரம் இல்லை, எண்ணெய்ச் செலவும் இல்லை. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய பழைய படகாக இருந்தால் விலையும் பலர் நினைக்கும் அளவுக்கு இருக்காது.

அப்படியானால் சிக்கல் எங்கே? வாங்கிய பிறகுதான் அது தொடங்குகிறது. வார விடுமுறையில் ஓட்டுகிறவரின் படகு கடலில் இருப்பது சில மணி நேரம். மீதி நாளெல்லாம் அது கரையில் கிடக்கிறது. சின்னப் படகுகளை அலையும் காற்றும் உடைப்பதைவிட, கரையில் கவனிப்பாரின்றிக் கிடந்து வீணாவதே அதிகம். படகு வாங்க நினைக்கும் குடும்பம் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

தொலைக்காட்சி தந்த படகு

சாதாரண மக்களும் பாய்மரப் படகு வைத்துக்கொள்ளலாம் என்று காட்டியதில் ஒரு தொலைக்காட்சிப் படைப்பாளருக்குப் பெரும் பங்கு உண்டு. பிரிட்டனில் 1960ஆம் ஆண்டுகளில் வீட்டு வேலைகளை நாமே செய்துகொள்வது எப்படி என்று பிபிசி தொலைக்காட்சியில் சொல்லிக்கொடுத்தவர் பேரி பக்னெல். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு படகை அவர் உருவாக்கினார். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் அதைச் செம்மைப்படுத்தினார். டெய்லி மிரர் நாளிதழ் ஆதரவு கொடுத்தது. 1963இல் 'மிரர்' என்ற பெயரில் அந்தப் படகு வெளிவந்தது. நாளிதழின் நிறத்தை நினைவூட்டும் சிவப்புப் பாயே அதன் அடையாளம்.

பாகங்களாக விற்கப்பட்ட அந்தப் படகின் விலை அப்போது 63 பவுன் 11 ஷில்லிங். பிளைவுட் பலகைகளின் ஓரங்களைச் செம்புக் கம்பியால் துணி தைப்பது போல் சேர்த்து, அதன் மேல் கண்ணாடி இழைப் பட்டையும் ரெசினும் பூசினால் படகின் உடல் தயார். தச்சுத் தொழில் தெரியாதவர்களும் செய்து முடித்தார்கள். இதுவரை 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாகியுள்ளன. முதல் படகு இன்று இங்கிலாந்தின் ஃபால்மத் நகரில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் நீளம் 3.3 மீட்டர். உடலின் எடை 45.5 கிலோ. முதலில் வந்த மிரரில் பாய்மரத்தை இரண்டு துண்டுகளாக அமைத்திருந்தார்கள். அதனால் எல்லாக் கம்புகளையும் படகுக்குள்ளேயே அடுக்கி வைத்து இழுத்துச் செல்ல முடிந்தது. டிரெய்லரில் போகும் படகுக்கு வேண்டிய அடிப்படைக் குணங்கள் இவைதான்: இலேசான எடை, எளிதில் பிரித்து மாட்டும் பாய்மரம், இரண்டு பேர் சேர்ந்தால் தள்ளக்கூடிய அளவு.

ஆனால், அது குளிர் நாட்டுக்காக உருவான படகு. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய படகை வைத்திருப்பவர் கூடுதல் கவனம் எடுத்தாக வேண்டும்.

மழைநீர்தான் முதல் எதிரி

கடல்நீர்தான் மரத்தை அரிக்கும் என்பது பலரின் எண்ணம். உண்மையில் மரப் படகை உளுத்துப் போகச் செய்வதில் மழைநீரே முன்னால் நிற்கிறது. மரத்தை உளுக்க வைப்பது ஒரு வகைப் பூஞ்சை. உப்பு அதன் வளர்ச்சியைத் தடுக்கும். நல்ல தண்ணீர் அதை வளர்க்கும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

எடையையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் சேரும். படகின் திறந்த பகுதி 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் மழையில் 100 லிட்டர், அதாவது 100 கிலோ எடை ஏறிவிடும். 45 கிலோ படகு தன்னைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான எடையைச் சுமந்துகொண்டு டிரெய்லரில் நிற்கும். அதில் பலகையும் வளையும், டிரெய்லரின் அச்சும் தளரும்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. படகில் தேங்கும் தெளிந்த நீர் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம். முட்டை ஒரு வாரத்துக்குள் கொசுவாகிப் பறந்துவிடலாம். டிங்கிக் காய்ச்சல் நம் வீட்டோடு நிற்காது, அண்டை வீட்டுப் பிள்ளையையும் தாக்கும். மலேசியாவில் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. சிங்கப்பூரிலும் கொசு பெருக இடம் கொடுக்கும் வீட்டாருக்கு அபராதம் உண்டு.

தடுப்பது கடினமல்ல. படகின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி டிரெய்லரை நிறுத்தி, பின்பக்கத்து வடிகால் அடைப்பானைக் கழற்றி வைக்க வேண்டும். மேலே போடும் கன்வாஸ் குழி விழாமல் இருக்க, நடுவில் ஒரு கம்பைக் கட்டிக் கூரை போல் சரிவாக்க வேண்டும். கன்வாஸ் படகோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வேர்த்து ஈரம் தங்கும். பக்கங்களில் காற்று போக வழி விட வேண்டும். பலத்த மழைக்குப் பிறகு கன்வாஸின் மடிப்புகளையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கரையேறிய பின் அரை மணி நேரம்

கடலிலிருந்து திரும்பியதும் எல்லோருக்கும் களைப்பு, பசி. நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த ஒரு நாள்தான் உலோகத்துக்குப் பகை. காய்ந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அலுமினியப் பாய்மரத்தில் எவர்சில்வர் திருகாணி போட்டிருந்தால், இரண்டு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்து சின்ன மின்கலம் போல் வேலை செய்யும். அரிபடுவது அலுமினியம்தான். திருகாணியைச் சுற்றி வெள்ளை மாவு போல் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆகவே படகு, கயிறு, கப்பி, சுக்கான், டிரெய்லர் ஆகிய அனைத்தையும் அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பாயையும் கழுவி, நிழலில் உலர்த்திச் சுருட்ட வேண்டும். பாலியெஸ்டர் பாய்க்கு வெயில்தான் எமன். சூரியனின் புற ஊதாக்கதிர் நூலைப் பலவீனப்படுத்துகிறது. கரையில் பாய் படபடவென்று அடித்துக்கொள்ள விடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். துணி துவைக்கும் இயந்திரத்தில் அதைப் போடவே கூடாது.

பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் எவர்சில்வர் கம்பி வடங்களையும் கவனிக்க வேண்டும். வெறுங்கையால் தடவாமல் ஒரு பழைய துணியால் வடத்தை மேலிருந்து கீழாகத் துடைத்துப் பார்த்தால் போதும். துணி எங்காவது சிக்கினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. ஓர் இழைதானே என்று விடக் கூடாது. அந்த வடத்தையே மாற்றிவிட வேண்டும். கம்பி உலோகக் குழாய்க்குள் நுழையும் முனையில்தான் பெரும்பாலும் முதல் பழுது தெரியும்.

மரப் பலகையில் கீறல் விழுந்தால் நன்றாகக் காய வைத்த பிறகே பூச வேண்டும். ஈரத்தோடு பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது போலாகும்.

டிரெய்லர் சும்மா வரும் பொருளல்ல

படகைப் பத்து முறை பார்க்கிறவர்கள் டிரெய்லரை ஒரு முறைகூடக் குனிந்து பார்ப்பதில்லை. கடற்கரைக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்தில் படகோடு நிற்க நேர்வது பெரும்பாலும் சக்கரத்தின் பேரிங்கால்தான்.

காரணம் எளிது. நீண்ட தூரம் ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும். உடனே அதைக் கடல்நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் சூடான காற்று குளிர்ந்து சுருங்கி, உப்பு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, பேரிங் துருப்பிடித்து, ஒரு நாள் சாலையில் சிக்கிக்கொள்ளும். எனவே கடற்கரை சேர்ந்ததும் சக்கரம் ஆறும் வரை காத்திருந்து, அந்த நேரத்தில் பாய்மரத்தை மாட்டலாம். இன்னும் நல்ல வழி, படகை இறக்க ஒரு சிறிய தள்ளுவண்டியைப் பயன்படுத்துவது. சாலை டிரெய்லரின் மேல் அந்தத் தள்ளுவண்டி படகோடு ஏறிக்கொள்ளும். நீரில் இறங்குவது அது மட்டும்தான்.

சற்று தூரம் ஓட்டியபின் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பேரிங்கைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். டயரில் பூ இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். எடை பின்பக்கம் அதிகமானால் டிரெய்லர் வேகத்தில் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அதனால் எடையில் ஒரு சிறு பங்கு காரின் கொக்கியின் மேல் அமரும்படி படகை முன்னே தள்ளிக் கட்ட வேண்டும்.

டிரெய்லரைச் சாலையில் இழுப்பதற்குச் சட்ட விதிகள் உண்டு. மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். படகுக்கு உரிமம் தேவையா என்பதைக் கடல்துறை அதிகாரிகளிடம் கேட்கலாம்.

பாய்மரத்தை நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே பார்ப்பதும் கட்டாயம். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டால் உயிரே போய்விடும். நிமிர்த்திய படகைத் தள்ளிக்கொண்டு போகும் வழி முழுவதும் மின்கம்பி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உயிரைக் காக்கும் ரப்பர் வளையம்

சின்னப் பாய்மரப் படகு கவிழ்வது அபூர்வமல்ல. கவிழ்ந்தாலும் அது மிதக்கும்படிதான் செய்யப்படுகிறது. பக்கங்களிலும் முன்பகுதியிலும் உள்ள மூடிய காற்று அறைகளே அதைத் தாங்குகின்றன. மிதக்கும் படகைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தி, மீண்டும் ஏறிவிடலாம்.

அந்த அறைகளின் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால்? அறைக்குள் நீர் புகும். நிமிர வேண்டிய படகு அமிழத் தொடங்கும். சில வெள்ளி பெறாத ஒரு வளையத்தை மாற்றாததால், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் பிள்ளைகள் தண்ணீரில் தத்தளிக்க நேரலாம். பராமரிப்பு என்பது பணத்தை மட்டும் காப்பதல்ல என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இதைச் சோதிக்கும் முறையும் எளிது. அறையின் மூடி, மூட்டு ஆகியவற்றின் மேல் சவர்க்கார நீரைத் தடவி, வடிகால் துளை வழியே வாயால் மெதுவாக ஊத வேண்டும். நுரை கிளம்பும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. டயருக்குக் காற்றடிக்கும் பம்பைப் பயன்படுத்தினால் அறையே பிளந்துவிடும். வீடு திரும்பியதும் மூடிகளைத் திறந்து உள்ளே உலர விட வேண்டும். அடுத்த முறை கிளம்பும்போது மறக்காமல் மூட வேண்டும்.

உயிர்காப்பு அங்கி அணியாமல் எவரும் படகில் ஏறக் கூடாது, நன்றாக நீந்தத் தெரிந்தவரும்கூட. வானிலை அறிக்கையையும் பார்த்தே கிளம்ப வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து 'சுமத்ரா' எனப்படும் புயற்காற்று வரிசை விடியலிலும் காலையிலும் திடீரென்று வீசும். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் அங்கே சின்னப் படகுக்கு வேலை இல்லை.

வாங்கும் முன்

பழைய படகைப் பார்க்கப் போகிறவர் மேல் பூச்சின் பளபளப்பில் மயங்கக் கூடாது. பலகையை ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். நடுப்பலகை இறங்கும் பெட்டியைச் சுற்றிலும் அடிப்பகுதி மூட்டுகளிலும் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். காற்று அறையைத் திறந்ததும் பூஞ்சை வாடை வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பாய், வடம், டிரெய்லர் மூன்றையும் புதிதாக மாற்ற நேர்ந்தால், மலிவாக வாங்கிய படகு மலிவாக இருக்காது.

படகோட்டவே தெரியாதவர்கள் முதலில் ஒரு பாய்மரப் படகுச் சங்கத்தில் பயிற்சி பெறுவது நல்லது. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி பகுதிகளிலும் மலேசியாவின் போர்ட்டிக்சனிலும் இந்த விளையாட்டுக்கு நெடுங்கால வழக்கம் உண்டு. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள், படகு நிறுத்தச் சங்கத்தில் இடம் கிடைக்குமா, அதற்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்ட பிறகே வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு வாங்குவதும் உண்டு. அப்போது செலவோடு கழுவும் வேலையையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாம். கடலிலிருந்து களைத்துத் திரும்பும் மாலையில், அரை மணி நேரம் யார் நின்று கழுவப் போகிறார்கள்? அதற்குப் பதில் இருந்தால் படகு வாங்கலாம். பிள்ளைகளும் அந்த வேலையில் கைகொடுத்தால், காற்றின் போக்கோடு பொருளைப் பேணும் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பதில் இல்லையென்றால், வாடகைப் படகில் ஓட்டி மகிழ்வதே குடும்பத்துக்கும் பணத்துக்கும் நல்லது.