தொட்டுப் பார், கண்ணா!

குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய்வந்த எந்தத் தாயாரையும் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அவர் வாயிலிருந்து அதிகமாக வந்த வார்த்தை, "தொடாதே!" என்பதாகத்தான் இருக்கும். ஜவுளிக் கடையில் தொடாதே; பாத்திரக் கடையில் தொடாதே; கண்ணாடிச் சாமான் கடைப் பக்கமே போகாதே! சரி, பொம்மைக் கடையிலாவது தொடலாமா என்றால், பெரிய பெரிய அங்காடிகளில் தொட்டும் பயனில்லை. பொம்மையை அட்டைப் பெட்டிக்குள் நிறுத்தி, கையிலும் காலிலும் கம்பி போட்டு முறுக்கி, மேலே கண்ணாடித் தாளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். பாவம், அது என்ன குற்றம் செய்ததோ!

நம் ஊர்க் கோயில் வாசல்களில் இருக்கிறதே சொப்புச் சாமான் கடை, அதன் சமாசாரமே வேறு. அங்கே சாமான்கள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் பரப்பிக் கிடக்கும். "எடுத்துப் பாரு பாப்பா" என்று கடைக்காரரே சொல்வார். கீழே போட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். மரச் சாமான்தானே, துடைத்து மறுபடி வைத்துவிடுவார்.

இந்தக் கடைகளுக்குப் பேர் போன ஊர் மதுரை. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்காகக் கட்டுவித்த புது மண்டபத்தை அறியாதவர்கள் இருக்க முடியாது. அதன் சிற்பத் தூண்களுக்கு நடுவே நெடுங்காலம் தையற்காரர்களும், வளையற் கடைகளும், புத்தகக் கடைகளும், சொப்புக் கடைகளும் குடியிருந்தன. யாளியின் காலடியில் மர உரலும் உலக்கையும் குவிந்து கிடக்கும் காட்சியை எத்தனையோ பாட்டிமார் இன்னும் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். மண்டபத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் கடைகளைப் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு நல்ல காலம்தான். ஆனால் சுவாமி தரிசனம் முடிந்து வரும் குழந்தையின் காலில் தானாகவே வந்து இடறிய கடை, இப்போது தேடிப் போனால்தான் உண்டு என்று ஆகியிருக்கிறது.

மரச் சொப்புக்குப் பெயர் பெற்றது திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரம். மஞ்சக்கடம்பு மரத்தைக் கடைந்து செய்வது அந்த ஊர் வழக்கம். கடைசலில் மரம் சுழலும்போதே வர்ண அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு மரமாகப் படிந்துவிடும். கர்நாடகத்துச் சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்கும் இதே முறைதான். அங்கே தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அந்த வழவழப்பு, கண்ணாடித் தாளுக்கு வெளியே நின்று பார்க்கிற குழந்தைக்கு எப்படித் தெரியும்?

சொப்புப் பெட்டியைக் கவிழ்த்தால் அடுப்பு, குடம், உரல், அம்மி, சட்டி, கரண்டி என்று ஒரு குடித்தனமே உருண்டு வரும். அவற்றில் ஒன்று திருகை. "இது என்ன பாட்டி?" என்ற கேள்வி அதைக் கையில் எடுத்த மறுநிமிஷமே பிறக்கும். அடுக்கு மாடி வீட்டில் பிறந்து, மிக்ஸியின் சப்தத்தைத் தவிர வேறு அறியாத குழந்தை அது. அப்புறம் பாட்டிக்கு ஒரு மணி நேரம் ஏகப்பட்ட மவுசு! (இப்போது பிளாஸ்டிக்கில் மிக்ஸிச் சொப்பும் காஸ் அடுப்புச் சொப்பும் வந்துவிட்டன. குற்றமில்லை. அந்தந்தக் காலத்துக் குழந்தை, அந்தந்தக் காலத்து அம்மாவைப் பார்த்துத்தானே சமைக்கும்?)

பக்கத்திலேயே தஞ்சாவூர் ராஜா ராணி. எத்தனை தடவை தலையில் குட்டினாலும், ஆடி ஆடி நிமிர்ந்து விடுகிறார்களே, என்ன மாயம்? அடிப்பாகம் உருண்டையாக, கனமான களிமண்ணால் ஆனது, மேற்பாகம் லேசானது. பாரமெல்லாம் அடியில் இருப்பதால் சாய முடிவதில்லை. பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாகப் படிக்குமுன்பே, நாலு வயதுக் குழந்தை விரலால் தள்ளித் தள்ளிக் கண்டுபிடித்து விடுகிறது.

அப்படிப்பட்ட ஒரு கடையில் கண்ட காட்சி இது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தாத்தா கொடுத்த பணத்தைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அம்மாவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது.

"சீக்கிரம் எடுடி! இந்தச் சொப்பு நல்லா இருக்கு பாரு."

"பாக்கட்டும்மா. நீங்க இப்படி உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார் கடைக்காரர்.

அவள் சாவகாசமாகப் பார்த்தாள். சொப்பை எடுத்தாள், வைத்தாள். ராஜாவைத் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் மூலையில் கிடந்த ஒரு மரப் பம்பரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பம்பரமா? அதெல்லாம் பயலுக விளையாடுறதுடி!"

"பம்பரத்துக்கு யாரு சுத்துறாங்கன்னு தெரியவா போகுது, விடுங்கம்மா" என்று சிரித்த கடைக்காரர், கல்லாவை விட்டு எழுந்து வந்தார். சாட்டையைச் சுற்றும் விதத்தைக் காட்டினார். முதல் தடவை உருண்டு ஓடியது. இரண்டாம் தடவையும் அப்படியே. ஐந்தாவது தடவை, கடை நடுவே பம்பரம் நின்று சுழன்றது பாருங்கள், அந்த முகத்தில் வந்த பிரகாசத்தை என்னவென்று சொல்ல! அம்மாவும் பஸ்ஸை மறந்து கைகொட்டினாள்.

அரை மணி நேரப் பொறுமைக்கு ஒரு பம்பரத்து லாபம். காபிச் செலவுக்குக் காணுமா என்பது சந்தேகம். வீட்டில் இருந்தபடியே கைபேசியில் அழுத்தினால் மறுநாள் பெட்டி வாசலில் வந்து நிற்கிற இந்தக் காலத்தில், அந்தக் கடைக்காரர் எதை நம்பிக் கடை திறக்கிறார்? நாம் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவோம் என்பதை நம்பித்தான். தானே பார்த்து, தானே யோசித்து, தன் கைக்காசைக் கொடுத்து வாங்கும் முதல் சாமான் அது. பிற்பாடு புடவைக் கடையிலும் வேறு பெரிய விஷயங்களிலும் "எனக்கு இதுதான் வேண்டும்" என்று சொல்லப் பழகுகிற இடமும் அதுவேதான். பெட்டியில் வருவதை நாம் தேர்ந்தெடுக்கிறோம். குழந்தை பிரிக்கிறது, அவ்வளவே.

சித்திரக் கதைப் புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிட்ட கடைகளிலும் இதே தாராளம் இருந்தது. 1947இல் தோன்றிப் பல்லாண்டு நடந்து நின்றுபோன 'அம்புலிமாமா'வை நின்றபடியே ஓசியில் படித்து முடித்த பையன்கள் அநேகம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்டது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் ஆசாமி! 1984இல் லயன் காமிக்ஸும் சேர்ந்துகொண்டது. அன்று படித்தவர்கள் இன்று தகப்பனாரும் தாத்தாவும் ஆகிவிட்டார்கள். பிள்ளைக்கென்று வாங்கி, பிள்ளைக்கு முன் தாங்கள் படித்துவிடுகிறார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பிளாஸ்டிக் பொம்மை வாங்கினால் அவசியம் பாருங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்தவற்றுக்கும், புவிசார் குறியீட்டின் கீழ்ப் பதிவு பெற்றவர்கள் செய்தவற்றுக்கும் விதிவிலக்கு உண்டு. ஆகையால் மரச் சொப்பில் முத்திரை இல்லையே என்று உடனே மிரள வேண்டாம். எந்த ஊரில், யார் செய்தது என்று கேளுங்கள். நல்ல கடைக்காரருக்கு அதைச் சொல்வதில் சந்தோஷமே.

பல்லாங்குழி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதினான்கு குழிக்கும் மஞ்சாடி போடலாம், புளியங்கொட்டை போடலாம், சோழி போடலாம். குன்றிமணி மட்டும் கூடாது. முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. சிவப்பின் நுனியில் கறுப்புப் பொட்டு வைத்தது குன்றிமணி. பார்க்க அழகுதான். ஆனால் கடித்து மென்றுவிட்டால் கொடிய விஷம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் எந்த விதையானாலும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். மூக்குக்குள் போட்டுக்கொள்ள அதுகளுக்கு ஒரு நிமிஷம் போதும்.

சோழியே வாங்குவதானால், கணக்குக்கு மேல் ஒரு பிடி கூடக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பீரோவுக்கு அடியில் நாலைந்து போய்ச் சேரும் என்பது கடைக்காரருக்கும் தெரியும்; அநேகமாக அதற்குக் காசு கேட்க மாட்டார்.