வடைத் தாளும் எண்ணெய் லென்ஸும்

வடை மடித்துக் கொடுத்த தாளில் எண்ணெய் ஊறிய இடத்தைப் பாருங்கள். அந்த இடம் மட்டும் கண்ணாடி போலாகி, மறுபக்க எழுத்து தெரியும். தாளின் நார்களுக்கு நடுவே காற்று இருக்கும்வரை ஒளி நாருக்கும் காற்றுக்கும் மாறி மாறிப் புகுந்து சிதறுகிறது. எண்ணெய் அந்தக் காற்றைத் துரத்திவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. நாரும் எண்ணெயும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் சிதறல் குறைகிறது. திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் கிளியனூரில் இறங்கி, ஒரு டீக்கடையில் நின்றாலே இந்தப் பாடம் கிடைத்துவிடும். ஆய்வக நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது.

காசநோய்க்கான சளி ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். கிருமியின் நீளம் 1 முதல் 4 மைக்ரான். அகலம் அரை மைக்ரான் அளவுதான். 40 மடங்கு பெருக்கும் ‘40 லென்ஸ்’ பச்சை ஒளியில் சுமார் 0.5 மைக்ரான் இடைவெளியைப் பிரித்துக் காட்டும். 100 மடங்கு பெருக்கும் எண்ணெய் லென்ஸ், அதாவது ‘100 லென்ஸ்’, எண்ணெயோடு சேரும்போது 0.27 மைக்ரான் வரை காட்டும். எண்ணெய் இல்லாவிட்டால், ஸ்லைடிலிருந்து சாய்வாகக் கிளம்பும் ஒளி காற்றைத் தொட்டதும் விலகிப்போகும். மிகச் சாய்ந்தது கண்ணாடிக்குள்ளேயே திரும்பிவிடும். நுண்ணிய விவரங்களைச் சுமந்து வருவது அந்தச் சாய்ந்த ஒளிதான். எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515, கண்ணாடிக்கும் கிட்டத்தட்ட அதுவே. அதனால் ஒளி தடையின்றி லென்ஸுக்குள் போகிறது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபே 1878-இல் ட்ஸைஸ் நிறுவனத்துக்காக இத்தகைய லென்ஸை வடிவமைத்தார். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் அறிவித்தது 1882-இல்.

பயன்படுத்தும் முறை இது. சளி பூசிய பக்கம் மேலே இருக்க ஸ்லைடை வையுங்கள். தலைகீழாக வைத்தால் 100 லென்ஸில் படம் தெளியவே தெளியாது. லென்ஸின் முனைக்கும் ஸ்லைடுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணாடியின் கனமே அதைவிடப் பெரிது. முதலில் 10 லென்ஸில் தெளிவாக்கிக்கொண்டு, லென்ஸ் சக்கரத்தைப் பாதி திருப்பி, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். குச்சியோ பாட்டில் முனையோ ஸ்லைடைத் தொடக் கூடாது. தொட்டால் ஒரு நோயாளியின் கிருமி எண்ணெயோடு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடலாம். பிறகு 100 லென்ஸைக் கொண்டுவந்து, ஸ்லைடுக்குக் கீழிருந்து ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை உயர்த்தி, அதன் ஒளித் துளையான ஐரிஸை நன்றாகத் திறந்து, படத்தைத் தெளிவாக்கும் சின்னத் திருகை மட்டும் திருப்புங்கள்.

படம் மங்கலாக இருந்தால் எண்ணெயில் காற்றுக்குமிழி சிக்கியிருக்கலாம். கண்லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பார்த்தால் குமிழி கருவட்டமாகத் தெரியும். எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதுச் சொட்டு விடுங்கள். அழுக்கு எங்கே என்று தெரியவில்லையா? கண்லென்ஸைச் சுழற்றுங்கள். புள்ளியும் கூடவே சுழன்றால் அழுக்கு அதில்தான்.

எண்ணெய் விட்ட ஸ்லைடில் மறுபடி 40 லென்ஸைத் திருப்பக் கூடாது. அது எண்ணெய்க்காகச் செய்யப்பட்டதல்ல. முனையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டால் எல்லாமே பனிமூட்டமாகத் தெரியும். தவறிப் பட்டுவிட்டால் அந்த நிமிடமே துடையுங்கள்.

வேலை முடிந்ததும் 100 லென்ஸைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். லென்ஸ் பேப்பரை முனையில் ஒற்றி எண்ணெயை உறிஞ்ச விடுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். ஒரு தாளை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். கைக்குட்டையும் முந்தானையும் வேண்டாம். அவற்றிலிருக்கும் தூசி கண்ணாடியைக் கீறும். பழைய வழக்கப்படி சிடார் எண்ணெய் பயன்படுத்துகிறவர்களுக்குக் கவனம் இன்னும் அதிகம் தேவை. அது காய்ந்தால் பிசின் போல இறுகிவிடும். காய்ந்த எண்ணெய்க்கு, லென்ஸ் தயாரிப்பாளர் சொல்லும் திரவத்தைத் தாளில் துளி நனைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த தாளால் ஒற்றுங்கள். ஆல்கஹாலோ அசிட்டோனோ உள்ளே போனால் லென்ஸை ஒட்டியிருக்கும் பசையைக் கெடுக்கலாம். சைலீனால் துடைத்தால் அதன் ஆவி உடம்புக்கு ஆகாது. முனை சுத்தமாயிற்றா என்று பார்க்க, கழற்றிய கண்லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கியாக்கிக்கொள்ளலாம்.

கடலோரத்து ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை படரும். உறை போட்டு மூடி, பெட்டியில் சிலிக்கா ஜெல் பை வையுங்கள். அதிலுள்ள நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வறுத்து உலர்த்தி மீண்டும் வைக்கலாம்.

இத்தனை கவனம் எதற்கு? சளி ஸ்லைடில் 100 புலங்களை (லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டப் பரப்புகளை) தேடி ஒன்பது கிருமிகளோ அதற்கும் குறைவாகவோ கிடைத்தால், அந்த எண்ணிக்கையை அப்படியே எழுத வேண்டும். லென்ஸ் மங்கினால் முதலில் தவறிப்போவது இந்த ஒன்றிரண்டு கிருமிகள்தான். அப்போது ‘கிருமி இல்லை’ என்ற சீட்டோடு, இருமிக்கொண்டே ஒருவர் வீட்டுக்குப் போய்விடுவார்.