படுக்கையிலிருந்து வந்த நாலு வரி

குற்றாலத்து அருவி விழுகிற மலைத்தொடரை ஒட்டியே தெற்கே போனால், களக்காட்டை அடுத்து டோனாவூர் வரும். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தது அங்கேதான். பிள்ளைகளுக்கு அவர் 'அம்மா'.

1931-இல் களக்காட்டில் விழுந்து கால் முறிந்தது. 1951-இல் கண்மூடும்வரை ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் படுக்கையில்தான். ஆனாலும் ஓய்ந்துவிடவில்லை. உடன் ஊழியம் செய்தவர்கள் சோர்ந்துபோகாமலிருக்கச் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். நோயாளிகளுக்காக, ஒரு நோயாளியாகவே புத்தகமும் எழுதினார்.

சகோதரிகளே, விசுவாசத்தில் பிறரைத் தாங்க மேடையேற வேண்டியதில்லை. கைக்குழந்தையோடு ஆராதனைக்கும் வரமுடியாமல் தவிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பாருங்கள். "ஏன் கோயிலுக்கு வரலை?" என்று கேட்காதீர்கள். கொஞ்சம் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்து, அரைமணி நேரம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவள் நிம்மதியாகக் குளித்துச் சாப்பிடட்டும். அப்புறம் ஒரு வசனம், ஒரு சிறு ஜெபம் போதும்.

வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கும் நாலு வரி எழுதுங்கள். சொன்னது மறந்துபோகும், எழுதினது வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கும். மனசு உடைகிற அன்றைக்கு எடுத்துப் படிப்பாள்.