மரபணுச் சோதனையும் மணப்பேச்சும்

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ளது அமிர்தி. இத்தகைய மலையடிவார ஊர்களில் புற்றுநோய்ப் பரிசோதனை என்றால், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மார்பகத்தையும் கருப்பை வாயையும் பார்ப்பதையே மக்கள் அறிவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தால் அச்சொல் மரபணு வரை விரிகிறது. முன்னது உடலில் இப்போது நோய் உண்டா எனப் பார்ப்பது. பின்னது இனி வரக்கூடுமா என வினவுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பல அச்சங்களுக்கு ஊற்று.

மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையே மரபுவழி வருபவை. ஆகவே இச்சோதனை எல்லோருக்கும் உரியதன்று. இளவயதில் நோயுற்றோர், ஒரே குடும்பத்தில் பலர் நோயுற்றோர் ஆகியோருக்கே பெரிதும் உரியது. 1994இலும் 1995இலும் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ 1, 2 மரபணுக்களில் கேடான மாற்றம் உடைய பெண்களில் நூற்றுக்கு 70 பேர் அளவில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். எஞ்சிய முப்பதின்மருக்கு அது வருவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

நம் சமூகத்தில் தயக்கம் ஊசியைக் குறித்ததன்று, மணப்பேச்சைக் குறித்தது. 'தாய்க்கு வந்த நோய் மகளுக்கும்' என்று பெண்வீட்டாரை மட்டும் துருவுவோர், இம்மாற்றம் தந்தை வழியாகவும் வரும் என்பதை அறியார். பெற்றோரில் எவரிடம் இருப்பினும், மகனாயினும் மகளாயினும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேரும் வாய்ப்பு சரிபாதி. நெருங்கிய உறவில் மணம் செய்ததே காரணம் எனப் பழிப்பதும் இங்குப் பொருந்தாது. ஒருவர் வழி வந்தாலே போதும்.

விதியைச் சுட்டி விலகுவோரும் உளர். கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு ஷாமின் எல்லையிலிருந்து திரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்கள், இறைவனின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்த வரலாற்றை அவர்களுக்கு நினைவூட்டலாம். எனினும் அறிய மறுப்போர் அனைவரையும் அறியாமையுடையோர் எனத் தள்ளிவிட நாம் ஒருப்படோம். மரபணுவைக் காட்டிக் காப்பீடோ வேலையோ மறுப்பதைத் தடுக்க அமெரிக்கா 2008இல் சட்டம் இயற்றியது. அங்கும் ஆயுள் காப்பீடு அதனுள் அடங்கவில்லை. இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டமே இல்லை.

கடினமான வினா வேறொன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தவர். அத்துயரின் வழியே 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் உருவாயிற்று. இன்று ஒரு பெண்ணின் சோதனை முடிவு அவள் தங்கைக்கும் உரிய செய்தி. மருத்துவர் ஒப்புதலின்றி அதைத் தங்கையிடம் வெளியிடுதல் முறையன்று. ஆகவே இரகசியம் ஓர் அமானிதம் என்போர், அது யாருக்குரிய அமானிதம் என்பதைச் சோதனைக்கு முன்னரே, ஆலோசகரின் அறையிலேயே, குடும்பத்தாருடன் பேசி முடித்தல் வேண்டும்.