தோட்டத்துப் பிள்ளைகளும் உதவி மருத்துவ அதிகாரிப் பயிற்சியும்

தோட்ட மக்களுக்கு 'டிரஸர்' என்னும் சொல் புதியதன்று. காய்ச்சல் கண்டாலும், பால்வெட்டும் கத்தி கையில் பட்டுவிட்டாலும், நள்ளிரவில் குழந்தைக்கு இழுப்பு வந்தாலும், முதலில் தேடிச் செல்லப்பட்டவர் தோட்ட ஆஸ்பத்திரியின் டிரஸரே ஆவார். பெரிய டாக்டர் வாரத்திற்கொரு முறையோ மாதத்திற்கொரு முறையோ வந்து போன காலத்தில், அன்றாட நோய்களுக்கு மருந்து கொடுத்தவரும், புண்ணைக் கழுவிக் கட்டியவரும், யாரை உடனே நகரத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தவரும் அவர்தாம்.

அந்தப் பணி இன்று மூன்றாண்டு டிப்ளோமா படிப்பையும், சட்டப்படியான பதிவையும், பதவி உயர்வுக்கான வழிகளையும் கொண்ட ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. மலாய் மொழியில் 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்' என்று வழங்கும் அப்பதவியை நாம் உதவி மருத்துவ அதிகாரி என்கிறோம். டாக்டர் படிப்பையும் தாதிப் பயிற்சியையும் அறிந்த அளவுக்கு இப்பயிற்சியை நம் பெற்றோர் அறிந்திருக்கவில்லை. ஆகவே, இதற்கு வேண்டிய தகுதி, விண்ணப்பிக்கும் முறை, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் ஆகியவற்றை இங்கே விளக்குகிறோம்.

டிரஸர் முதல் உதவி மருத்துவ அதிகாரி வரை

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழு நோயும் தொழிலாளர் பலரின் உயிரைக் குடித்தன. டாக்டர் மால்கம் வாட்சன் 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் தொடங்கிய கொசு ஒழிப்பு முயற்சி பின்னர்த் தோட்டங்களுக்கும் பரவியது. காடு அழித்தலும் வடிகால் வெட்டுதலும் ஒரு புறம் நடைபெற, கொயினா மருந்து கொடுப்பதும் நோயாளியைக் கவனிப்பதும் டிரஸர்களின் பொறுப்பாயின.

நாளடைவில் இப்பணி சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1977ஆம் ஆண்டின் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம், இத்தொழிலுக்கென ஒரு வாரியத்தை அமைத்து, பதிவு பெற்றவர்களே இப்பணியைச் செய்யலாம் என்னும் நிலையை உருவாக்கியது. பின்னாளில் பதவியின் பெயரும் மருத்துவ உதவியாளர் என்பதிலிருந்து உதவி மருத்துவ அதிகாரி என்று மாறியது.

அமெரிக்காவிலும் இத்தகைய பணி உண்டு. அங்கே டியூக் பல்கலைக்கழகம் 1965ஆம் ஆண்டில்தான், கடற்படையில் மருத்துவப் பணியாற்றித் திரும்பிய நால்வரைக் கொண்டு இப்பயிற்சியைத் தொடங்கியது. அதே ஆண்டில் நம் நாடு, நெடுங்காலமாகத் தோட்டங்களில் சேவை புரிந்துவந்தவர்களைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது என்பதை எண்ணும்போது, நம் தோட்டத்து டிரஸரின் பணி எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

இவர் செய்யும் பணி என்ன?

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் நோயாளியை முதலில் பரிசோதிப்பவர் பெரும்பாலும் உதவி மருத்துவ அதிகாரியே. சளி, காய்ச்சல், தோல் நோய், சிறு காயம் போன்றவற்றுக்கு அவரே சிகிச்சை அளிக்கிறார். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனிக்கிறார். நோய் கடுமையாக இருப்பின் டாக்டரிடம் அனுப்புகிறார். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காயத்திற்குத் தையல் போடுவதும், முறிந்த எலும்புக்கு மாவுக்கட்டுப் போடுவதும், ஆம்புலன்ஸ் வண்டியில் விபத்து நடந்த இடத்திற்கு விரைவதும் இவர் கடமைகளே. 2010ஆம் ஆண்டில் நகர்ப்புற ஏழைகளுக்காக ஒரே மலேசியா கிளினிக்குகள் திறக்கப்பட்டபோது அவற்றை நடத்தும் பொறுப்பு உதவி மருத்துவ அதிகாரிகளிடமே ஒப்படைக்கப்பட்டது.

ஆயினும் இவர் டாக்டர் அல்லர். டாக்டரின் மேற்பார்வைக்கு உட்பட்டே இவர் பணி நடைபெறுகிறது. டாக்டர் ஆவதற்கு இது ஒரு குறுக்கு வழி என்று எண்ணிச் சேருவோர் பின்னர் மனம் நோக நேரிடும். இதனை ஒரு தனித் தொழிலாக விரும்பிச் சேருவோரே இதில் சிறக்கின்றனர். முற்காலத்தில் இது ஆண்களின் தொழிலாகவே கருதப்பட்டது. இன்று பெண்களும் இப்பணியில் உள்ளனர்.

தேவையான தகுதி

விண்ணப்பதாரர் மலேசியக் குடிமகனாக இருப்பதும் நல்ல உடல்நலத்துடன் இருப்பதும் அரசாங்கப் பயிற்சிக்கு அடிப்படைத் தேவைகள். கல்வித் தகுதியைப் பொறுத்தவரை, எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது ஐந்து பாடங்களில் கிரெடிட் பெற்றிருக்க வேண்டும். அவற்றுள் மலாய் மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகிய மூன்றும் கட்டாயம் இடம்பெற வேண்டும். எஞ்சிய இரண்டும் வேறு பாடங்களாக இருக்கலாம். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். கிரெடிட் என்பது 'சி' தரமும் அதற்கு மேலும் ஆகும். 'டி' தரமும் 'ஈ' தரமும் தேர்ச்சியே ஆயினும் கிரெடிட் ஆகா. இந்த வேறுபாட்டை அறியாமல், "பிள்ளை எல்லாப் பாடத்திலும் பாஸ்" என்று மகிழ்ந்து, பின்னர் விண்ணப்பம் தள்ளப்பட்டதும் திகைக்கும் பெற்றோர் பலர்.

இவை குறைந்தபட்சத் தகுதிகளே. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்திருக்கும்போது உயர்ந்த தரம் பெற்றவர்கள் முன்னே நிற்பர். மேலும், வயது வரம்பும் பிற விதிகளும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் மாறக்கூடும். அவ்வப்போது வெளியாகும் விளம்பரத்தில் உள்ளதே முடிவானது.

ஆயத்தம் எப்போது தொடங்க வேண்டும்?

எஸ்.பி.எம். முடிந்த பிறகு தொடங்கலாம் என்பது பலரின் எண்ணம். உண்மையில் மூன்றாம் படிவம் முடியும் காலத்திலேயே பாதி வழி தீர்மானமாகிவிடுகிறது. நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்களை எடுப்பது என்பதை அப்போதுதான் முடிவு செய்கின்றனர். உயிரியல், வேதியியல் போன்ற பாடங்களை எடுத்த மாணவருக்குப் பயிற்சிக் கல்லூரியின் பாடங்கள் எளிதாக விளங்கும்.

முன்பெல்லாம் ஆறாம் ஆண்டிலும் மூன்றாம் படிவத்திலும் அரசாங்கத் தேர்வுகள் இருந்தன. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலும், பி.டி.3 தேர்வு 2022ஆம் ஆண்டிலும் நிறுத்தப்பட்டன. ஆகவே, பிள்ளை கணிதத்தில் பின்தங்கியிருப்பதை வெளியிலிருந்து எடுத்துச் சொல்ல அத்தேர்வுகள் இன்று இல்லை. பள்ளி மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்றோர் வாங்கிப் பார்த்து, ஆசிரியரிடம் சென்று கேட்டறிவது முன்னைவிட இன்று அவசியமாகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும், "என் பிள்ளை கணக்கிலும் மலாயிலும் அறிவியலிலும் கிரெடிட் வாங்குவானா?" என்னும் ஒரே கேள்வியைத் தவறாமல் கேட்கலாம்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து செல்லும் மாணவருக்கு மலாய் மொழியில் பேச்சும் எழுத்தும் தடையின்றி வருதல் வேண்டும். பயிற்சியும் நேர்முகத் தேர்வும் மட்டுமன்றி, நாளைக்கு நோயாளியிடம் பேசுவதும் பெரும்பாலும் அம்மொழியிலேதான். அதே வேளையில், முதியவர் ஒருவர் தம் நோவைத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது அதைப் புரிந்துகொள்ளும் அதிகாரி ஒருவர் கிளினிக்கில் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

விண்ணப்பம் செய்தல்

சுகாதார அமைச்சு தன் பயிற்சிக் கழகங்களுக்கான சேர்க்கையை விளம்பரம் செய்யும்போது, இணையத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். சிரம்பானிலும் ஈப்போவை அடுத்த உலு கிந்தாவிலும் உள்ள கழகங்கள் இத்துறையில் நெடுநாள் பெயர் பெற்றவை. வீட்டில் கணினி இல்லாதவர் பள்ளியிலோ நூல்நிலையத்திலோ விவரம் தெரிந்த ஒருவர் துணையுடன் விண்ணப்பத்தை நிரப்பலாம். ஆனால் மறைசொல்லை மாணவரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறரிடம் விட்டுவிட்டு, நேர்முகத் தேர்வு அழைப்பைக் காணாமல் போனால் இழப்பு மாணவருக்கே.

விளம்பரம் வருவதற்கு முன்பே பத்திரங்களைச் சரிபார்த்து வைப்பது நலம். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். சான்றிதழ், பள்ளி விடுகைச் சான்றிதழ், புறப்பாட நடவடிக்கைச் சான்றுகள் ஆகியவை ஒரே உறையில் இருக்கட்டும். பெயரின் எழுத்து ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் இருந்தால், தேசியப் பதிவு இலாகாவை முன்கூட்டியே நாட வேண்டும். பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இன்னும் தீராத பிரச்சினையாக உள்ள குடும்பங்கள் தோட்டப்புறங்களில் உண்டு. அவர்கள் பிள்ளைக்குப் பதினேழு வயதாகும் வரையில் காத்திருக்கலாகாது; ஆரம்பப் பள்ளிப் பருவத்திலேயே மனுச் செய்தல் வேண்டும்.

நேர்முகத் தேர்வில் மனப்பாடம் செய்த பேச்சு பயன் தராது. இப்பணி எத்தகையது, தாதியின் பணிக்கும் இதற்கும் வேறுபாடு என்ன, டிங்கிக் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது போன்றவற்றை விண்ணப்பதாரர் தம் சொந்தச் சொற்களில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். அருகிலுள்ள கிளினிக்கில் பணியாற்றும் அதிகாரியிடம் சென்று பேசிப் பார்ப்பதைவிடச் சிறந்த ஆயத்தம் இல்லை. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையிலோ செம்பிறைச் சங்கத்திலோ சேர்ந்து முதலுதவி பயின்றவர்களுக்குச் சொல்வதற்கு உண்மையான அனுபவம் இருக்கும்.

பயிற்சிக் காலம்

படிப்பு மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள். உடலமைப்பு, உடலியக்கம், நோயியல், மருந்தியல் ஆகியவற்றை வகுப்பில் கற்றபின், மருத்துவப் பிரிவு, அறுவைப் பிரிவு, எலும்பு முறிவுப் பிரிவு, அவசரப் பிரிவு, மனநலப் பிரிவு, சுகாதாரக் கிளினிக் ஆகியவற்றில் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். இரவு முறை வேலையும் உண்டு. இரத்தத்தையும் மரணத்தையும் அருகில் காணும் மன உறுதி தேவை. படிப்பு முடிந்ததும் வாரியத்தில் பதிவு செய்துகொண்ட பிறகே பணியாற்ற இயலும். பின்னாளில் அவசர சிகிச்சை, எலும்பு முறிவுச் சிகிச்சை, இரத்தச் சுத்திகரிப்பு போன்ற துறைகளில் மேற்பயிற்சி பெறவும் வழி உண்டு.

கட்டணம் கட்டுமுன் கவனிக்க

தனியார் கல்லூரிகளிலும் இந்த டிப்ளோமா கற்பிக்கப்படுகிறது. அங்கே கட்டணம் பெரிது. உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். கடனை நாடுவோர், அது திருப்பிச் செலுத்த வேண்டிய பணம் என்பதை மறத்தலாகாது. ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளையின் டிப்ளோமா படிப்புக்கென ஒரு பகுதியை எடுக்க வகையுண்டு. அது ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணம். எனவே, பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்து வடிவில் பதில் பெறுதல் வேண்டும். முதலாவது, இப்படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றதா? இரண்டாவது, இதை முடித்தவர்களை வாரியம் பதிவு செய்கிறதா?

பெயர் மயக்கத்திலும் விழிப்பு வேண்டும். தனியார் கிளினிக்கில் பெயர் பதிந்து மருந்து எடுத்துக் கொடுக்கும் உதவியாளருக்கான சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு வேறு; மருத்துவமனையில் நோயாளிப் பராமரிப்புக்குத் துணை நிற்கும் 'பெம்பாந்து பெராவாத்தான் கெசிஹாத்தான்' பதவி வேறு; நாம் இங்கே கூறும் பதவி வேறு. முன்னவை இரண்டும் நேர்மையான வேலைகளே. ஆனால் அவற்றுக்கான சான்றிதழைக் கொண்டு உதவி மருத்துவ அதிகாரியாகப் பதிவு பெற முடியாது. விளம்பரத் தாளில் 'மருத்துவ உதவியாளர்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிட்டால், பணத்தோடு பிள்ளையின் காலமும் வீணாகும். இடைத்தரகர் "இடம் வாங்கித் தருகிறேன்" என்று கூறினால், அவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே!

முதல் முயற்சியில் இடம் கிடைக்காவிட்டாலும் மனம் தளரத் தேவையில்லை. குறைந்த பாடத்தை மீண்டும் எழுதி அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். தாதிமை, மருந்தகத் துறை, சுற்றுச்சூழல் சுகாதாரம், பரிசோதனைக் கூடத் துறை போன்ற பிற சுகாதாரப் பயிற்சிகளையும் எண்ணிப் பார்க்கலாம். அவற்றுக்கும் மலாய், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் பெற்ற நல்ல தேர்ச்சியே துணை நிற்கும்.

தோட்ட ஆஸ்பத்திரியின் திண்ணையில் மருந்துக்காகக் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மருந்து கொடுக்கும் இடத்தில் அமர வழி திறந்திருக்கிறது. இந்த மாதமே பிள்ளையின் பள்ளி அறிக்கையை எடுத்துக் கணிதத்தின் தரத்தைப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தையும் அடையாளக் கார்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்விரண்டும் சரியாக இருப்பின், விளம்பரம் வரும் நாளில் உங்கள் பிள்ளை ஆயத்தமாக இருப்பார்.