மிஸ் பேட்ஸ் பேசுகிறாள்: காதல் தப்பர்த்தங்களும் வாசகரின் சிரிப்பும்

ஆங்கில நகைச்சுவை நாவலில் காதல் தப்பர்த்தம் என்பது பழகிப்போன சரக்கு. ஒருவன் ஒருத்தியை மனதில் வைத்துச் சொன்னதை இன்னொருத்தி தனக்கென்று எடுத்துக்கொள்வாள்; யாரோ யாருக்கோ எழுதிய கடிதத்துக்கு வேறு யாரோ அர்த்தம் பண்ணுவார்கள்; நானூறு பக்கம் குழம்பிவிட்டுக் கடைசியில் இரண்டு மூன்று கல்யாணம். தீவிர இலக்கியம் பேசுகிறவர்கள் இதை ரயில் பயணத்துக்கான வாசிப்பு என்று ஓரங்கட்டிவிடுவது வழக்கம். ரசிக்கிறவர்களோ 'என்ன நையாண்டி, என்ன நடை' என்று வியப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு தரப்பும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ஒரு தப்பர்த்தம் நீடிக்க வேண்டுமானால், அதைத் தீர்த்துவைக்கக்கூடிய பேச்சு ஒன்று யார் காதிலும் ஏறாமல் போக வேண்டும். அது யாருடைய பேச்சு? நம் சிரிப்பு எந்தச் செவிட்டுத்தனத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது?

ஜேன் ஆஸ்டினின் (1775-1817) 'எம்மா' இக்கேள்வியை வெகு நுட்பமாகக் கையாளும் பிரதி. அதற்குள் போகுமுன் தப்பர்த்தம் என்ற இந்த எந்திரம் பொதுவாக எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஹென்றி பெர்க்சன் 1900இல் வெளியிட்ட 'சிரிப்பு' என்ற நூலில் இதற்கு விளக்கம் தருகிறார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நிகழ்ச்சித் தொடர்கள் ஓரிடத்தில் குறுக்கிடுகின்றன. ஒரே நிலைமைக்கு இரண்டு அர்த்தங்கள் சாத்தியமாகின்றன. பாத்திரங்களுக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம்தான் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இரண்டும் தெரியும். நம் மனம் இந்த அர்த்தத்துக்கும் அந்த அர்த்தத்துக்குமாக ஊசலாடுவதுதான் வேடிக்கை. பி.ஜி. வுட்ஹவுஸின் 'ரைட் ஹோ, ஜீவ்ஸ்' (1934) இதற்கு நேர்த்தியான உதாரணம். நீர்ப்பல்லி வளர்ப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத கூச்ச சுபாவி கஸ்ஸி. அவனுக்கு மேடலின் என்ற பெண்மேல் காதல். சொல்ல வாய் வரவில்லை. அவன் சார்பில் பெர்ட்டி வூஸ்டர் தூது போகிறான். 'உன்னை நினைத்து ஏங்கும் இதயம் ஒன்று இங்கே இருக்கிறது' என்கிற ரீதியில் அவன் சுற்றி வளைத்துப் பேச, அந்த இதயம் பெர்ட்டியுடையதுதான் என்று மேடலின் முடிவு கட்டிவிடுகிறாள். அதற்குப் பின்வரும் நாவல்களிலும் அவளுக்கும் கஸ்ஸிக்கும் சண்டை வரும்போதெல்லாம் பெர்ட்டியின் தலைக்குமேல் கத்தி தொங்குகிறது. காரணம், ஒரு பெண் 'உங்களைக் கட்டிக்கொள்கிறேன்' என்று சொன்னால் 'எனக்கு வேண்டாம்' என்று ஒரு கனவான் சொல்லக்கூடாது. கனவான் தர்மம் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது, எந்திரம் ஓடுகிறது.

ஆனால் வுட்ஹவுஸ் உலகில் தப்பர்த்தத்துக்கு விலை கிடையாது. பெர்ட்டிக்கு வேலைவெட்டி இல்லை, பணக்கவலையும் இல்லை. மிஞ்சிப்போனால் அத்தை வீட்டு பிரெஞ்சு சமையல்காரர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிடுவார். நல்ல சாப்பாடு போய்விடும். யாருக்கும் ரத்தம் வராது என்ற உத்தரவாதத்தின் பேரில்தான் அங்கே நாம் கவலையில்லாமல் சிரிக்கிறோம். இது கலப்படமற்ற இன்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. சுமார் நூற்றியிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்டின் இதே எந்திரத்தை விலை உள்ள உலகில் வைத்து ஓட்டிப் பார்த்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' (1813) நாவலில் பாதிரியார் காலின்ஸ் எலிசபெத்தைப் பெண் கேட்கும் காட்சி எல்லாருக்கும் தெரிந்தது. அவள் முடியாது என்கிறாள். நாகரிகமான பெண்கள் முதலில் மறுப்பது சம்பிரதாயம்தானே என்று அவன் சந்தோஷப்படுகிறான். அவள் எத்தனை அழுத்திச் சொல்கிறாளோ அத்தனை உறுதியாக அது சம்மதமாகிறது. காட்சி பிரமாதமான சிரிப்பு. கூடவே இன்னொன்றும் தெரிகிறது. அவளுடைய அப்பா இறந்தால் அந்தச் சொத்து சட்டப்படி காலின்ஸுக்குப் போகும், பெண்மக்களுக்குக் கிடையாது. சொத்து யார் கையிலோ அர்த்தம் சொல்லும் உரிமையும் அவன் கையில். 'இல்லை' என்ற சொல்லைவிடத் தெளிவான சொல் மொழியில் ஏது? அதையும் தப்பாக வாசிக்க முடிகிறதென்றால் கோளாறு சொல்லில் இல்லை. அவள் வாயிலிருந்து வரும் சொல்லைச் சொல்லாக மதிக்கத் தேவையில்லை என்ற ஏற்பாட்டில் இருக்கிறது.

1815 டிசம்பரில், தலைப்புப் பக்கத்தில் 1816 என்று போட்டு வெளிவந்த 'எம்மா'வில் இந்த ஏற்பாடு இன்னும் சிக்கலாகிறது. தப்பாக வாசிக்கும் அதிகாரம் இங்கே ஒரு பெண்ணிடம் இருக்கிறது. சர்ரே மாவட்டத்தில், லண்டனுக்குப் பதினாறு மைலில், ஹைபரி என்ற ஊர். ஊரின் முதல் குடும்பத்துப் பெண் எம்மா; 21 வயது நெருங்குகிறது; அவள் பேரில் 30,000 பவுன். கல்யாணம் பண்ணித்தான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஆஸ்டின் நாயகி. ஆகவே மற்றவர்களுக்குக் கல்யாணம் பண்ணிவைப்பது பொழுதுபோக்கு. அப்பன் பெயர் தெரியாமல் பள்ளி விடுதியில் வளர்ந்த 17 வயது ஹாரியட்டை எடுத்துக்கொள்கிறாள். அந்தப் பிள்ளையை மனதார விரும்பும் குத்தகை விவசாயி ராபர்ட் மார்ட்டினை மறுக்க வைக்கிறாள். ஊர்ப் பாதிரியார் எல்டன்தான் பொருத்தம் என்று தீர்மானிக்கிறாள். ஹாரியட்டை எம்மா படம் வரைகிறாள், எல்டன் உருகுகிறான். படத்துக்குச் சட்டம் போட லண்டனுக்கு அவனே எடுத்துப் போகிறான். எம்மாவுக்கு எல்லாம் ருசுவாகிறது. எல்டன் உருகியது வரைந்தவளுக்காக என்பது, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, வண்டிக்குள் தனியாக மாட்டிக்கொண்டபோது அவன் காதலைக் கொட்டியதும்தான் தெரிகிறது. அவள் அதிர்ச்சியில் வாயடைத்துப் போக, அந்த மௌனத்தையும் அவன் சம்மதம் என்றே வாசிக்கிறான்.

இதில் முக்கியமானது, நாமும் எம்மாவோடு சேர்ந்தே ஏமாறுகிறோம் என்பது. பெர்க்சன் சொன்ன 'இரண்டும் தெரிந்த பார்வையாளர்' இடம் இங்கே நமக்கு முழுசாகத் தரப்படவில்லை. காரணம் ஆஸ்டினின் கூற்றுமுறை. பள்ளி இலக்கணத்தில் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று படித்திருக்கிறோம். 'எல்டன் ஹாரியட்டைக் காதலிக்கிறான் என்று எம்மா நினைத்தாள்' என்பது அயற்கூற்று. 'என்று நினைத்தாள்' என்ற வேலி அங்கே இருக்கிறது. அது எம்மாவின் நினைப்பு மட்டுமே என்று நாம் உஷாராகிவிடலாம். வேலியைப் பிடுங்கிவிட்டு, 'சந்தேகமென்ன, எல்டன் விழுந்துவிட்டான். இனிக் காலம்தான் பாக்கி' என்று கதைசொல்லி எழுதினால்? வாக்கியம் கதைசொல்லியுடையது, தொனி எம்மாவுடையது. 1912இல் சார்ல் பாய்யி இதற்குப் பிரெஞ்சில் பெயர் வைத்தார். தமிழில் 'கட்டற்ற அயற்கூற்று' எனலாம். 1929இல் வொலோஷினோவ் இதை ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு குரல்கள் மோதும் சமூக நிகழ்வாகப் பார்த்தார். பெயர்கள் பிந்தி வந்தவை. ஆஸ்டின் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இதைக் கரைகண்டிருந்தார். கதைசொல்லியின் அதிகாரம் எம்மாவின் அனுமானத்துக்குக் கடனாகப் போய்விடுகிறது. நாமும் நம்பிவிடுகிறோம்.

வெய்ன் பூத் 1961இல், நாவலைப் பெரும்பாலும் எம்மாவின் கண் வழியே காட்டுவதால்தான் அவளுடைய குறைகளை மீறி நாம் அவள் பக்கம் நிற்கிறோம் என்று விளக்கினார். சரி. ஆனால் அவள் பக்கம் நிற்பது என்றால் அவளுடைய காதால் கேட்பதும்தானே? யார் சொன்னால் பொருட்படுத்துவாள், யார் பேசினால் கொட்டாவி விடுவாள் என்ற வரிசையும் சேர்ந்து நமக்குள் இறங்கிவிடுகிறது. இந்த வரிசையின் அடியில் இருப்பவள் மிஸ் பேட்ஸ்.

மிஸ் பேட்ஸ் முந்தைய பாதிரியாரின் மகள், கல்யாணமாகாதவள், வயதான தாயோடு மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவள். பெரிய வீடுகளிலிருந்து வரும் ஆப்பிளும் பன்றிக்கறியும் அவளுக்கு ஆதரவு. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஆப்பிள் சுட்டது, அம்மாவின் மூக்குக் கண்ணாடி ஆணி கழன்றது, ஜேனின் கடிதம் என்று பக்கம் பக்கமாக லொடலொடவென்று கொட்டுவாள். எம்மாவுக்குப் பொறுமை இல்லை. நமக்கும் இல்லை, கண் அந்தப் பத்திகளைத் தாண்டி ஓடிவிடும். நம்மை விடுங்கள், வால்டர் ஸ்காட்டே 'குவார்ட்டர்லி ரிவ்யூ'வில் பெயர் போடாமல் எழுதிய மதிப்புரையில், நாவலைப் பாராட்டிவிட்டு, மிஸ் பேட்ஸ் போன்றவர்களின் வளவளப்பு அளவுக்கு மிஞ்சினால் நிஜ வாழ்வைப் போலவே கதையிலும் சலிப்புத் தட்டும் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

விஷயம் என்னவென்றால், நாவலின் உண்மைகள் அந்த வளவளப்புக்குள்தான் கிடக்கின்றன. எல்டன் வேறெங்கோ பெண் நிச்சயித்துவிட்ட செய்தியோடு வரும்போதே, இந்த ஊர்ப் பெண் ஒருத்தியைத்தான் அவன் நினைத்திருப்பதாகத் தனக்குத் தோன்றியதுண்டு என்று மிஸ் பேட்ஸ் எம்மாவிடம் கோடி காட்டி, பாதியில் விழுங்கிக்கொள்கிறாள். பொருள்: எம்மாவுக்குத் தெரியாதது ஊர்ப் பெண்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பெரிய ரகசியம் இன்னொன்று. பிராங்க் சர்ச்சிலும் மிஸ் பேட்ஸின் அக்காள் தங்கை உறவில் மகளான ஜேன் ஃபேர்ஃபாக்ஸும் ரகசியமாக நிச்சயம் செய்துகொண்டவர்கள். அதை மறைக்கப் பிராங்க் எம்மாவோடு சரசமாடுகிறான். எம்மா அவன் தன்மேல் மையல் கொண்டதாக நம்புகிறாள். மூக்குக் கண்ணாடி ஆணி கழன்றதை மிஸ் பேட்ஸ் கடைத்தெருவில் நீட்டி முழக்குகிறாள். அவள் கூப்பிட்டு எல்லாரும் மாடியேறிப் போனால், கிழவி தூங்குகிறாள், அவள் கண்ணாடி பிராங்க் கையில், ஜேன் முதுகைக் காட்டிக்கொண்டு பியானோ பக்கம். காவலுக்கு இருந்த ஒரே ஆளின் கண்ணும் கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது! இன்னொரு நாள், மருத்துவர் பெர்ரி வண்டி வாங்கப் போவதைப் பற்றிப் பிராங்க் வாய்தவறிக் கேட்டுவிடுகிறான். அவனுக்குச் செய்தி எப்படித் தெரிந்தது என்று யாருக்கும் புரியவில்லை. கனவு கண்டிருப்பேன் என்று சமாளிக்கிறான். அந்தச் சமயம் மிஸ் பேட்ஸ், அது தங்கள் வீட்டுக்கு ரகசியமாகச் சொல்லப்பட்ட செய்தி, ஜேனுக்கும் தெரியும் என்று பேசிக்கொண்டே வருகிறாள். அதாவது ஜேன் பிராங்குக்குக் கடிதம் எழுதுகிறாள். முழு முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. ஆனால் எல்லாரும் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள். காது கொடுப்பார் இல்லை. சந்தேகப்படுவது நைட்லி ஒருவர்தான்.

(நைட்லிக்கு 'அவர்' என்றும் மிஸ் பேட்ஸுக்கு 'அவள்' என்றும் என் பேனா தானாகவே எழுதுகிறது. நம் மொழி இந்த வரிசையை விகுதியிலேயே வைத்திருக்கிறது.)

பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில் சிரிப்பு இடறுகிறது. ஒவ்வொருவரும் சாதுரியமாக ஒன்று அல்லது அசட்டுத்தனமாக மூன்று சொல்ல வேண்டும் என்று விளையாட்டு. மூன்று அசட்டுப் பேச்சு தனக்கு லேசாக வரும் என்று மிஸ் பேட்ஸ் தன்னையே கேலி செய்துகொள்கிறாள். மூன்றோடு நிறுத்த உங்களால் முடியாதே என்று எம்மா வெட்டுகிறாள். நாமும் சிரித்துவிடுகிறோம். அவளுக்கு அர்த்தம் மெதுவாகத்தான் உறைக்கிறது. கோபப்படவில்லை, முகம் சிவக்கிறது, அவ்வளவுதான். பிறகு நைட்லி எம்மாவை நிறுத்திக் கேட்கிறார். அவள் ஏழை, பிறந்த வசதியிலிருந்து இறங்கியவள், வயதாக ஆக இன்னும் இறங்கப்போகிறவள். அவருடைய வாதம் நாகரிகம் பற்றியதல்ல, வரும்படி பற்றியது. இருநூறு பக்கமாகப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு வந்த வாசகருக்கும் அந்தக் கண்டனத்தில் பங்குண்டு.

இந்த இடத்தில் விலைப்பட்டியலைப் பார்க்கலாம். எம்மாவின் தப்பர்த்தங்கள் அவளுக்கு வைத்த செலவு சில தூக்கமற்ற இரவுகள். ஹாரியட் நல்ல வரனை மறுத்தாள், எல்டனால் அவமானப்பட்டாள், பிறகு நைட்லியை நினைத்து ஏங்கினாள். அந்த மூன்றாவதும் எம்மாவின் கைங்கரியம். பெயரைச் சொல்லவேண்டாம் என்று அவளே தடைபோட்டதால், 'அவர் செய்த உதவி' என்று இருவரும் பேசுகிறார்கள். எம்மா நினைப்பது ஜிப்சிகளிடமிருந்து காப்பாற்றிய பிராங்கை. ஹாரியட் நினைப்பது நடன விருந்தில் எல்டன் அவமதித்தபோது கைகொடுத்து ஆடிய நைட்லியை. ஒரு பிரதிப்பெயரில் ஒரு பெண்ணின் எதிர்காலம் மாட்டிக்கொள்கிறது. ஜேனோ, பிராங்கின் விளையாட்டு நீள நீள, பணக்கார வீட்டுக்கு ஆசிரியையாகப் போகச் சம்மதித்துவிடுகிறாள். அந்த உத்தியோகச் சந்தையை அவள் அடிமை வியாபாரத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறாள். பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது 1807இல்தான் என்பதை நினைத்தால் அது லேசான பேச்சல்ல.

அப்படியானால் ஆஸ்டின் வர்க்க ஏற்பாட்டைக் குலைத்துவிட்டாரா? இல்லை. ஹாரியட் வியாபாரியின் மகள் என்று தெரிகிறது, மார்ட்டினுக்கே மனைவியாகிறாள், எம்மாவுடனான சினேகம் மெல்லக் குளிர்ந்து 'முறையான' இடைவெளிக்குப் போகிறது. டி.டபிள்யூ. ஹார்டிங் 1940இல், ஆஸ்டினின் வாசகர்கள் பலர் அவர் எதையெல்லாம் வெறுத்தாரோ அந்த ரகத்தினரே என்று எழுதினார். இந்த முடிவை நிம்மதியோடு படித்து மூடிவைக்கும்போது நாமும் அந்த ரகம்தான்.

ஆனால் பிரதி இன்னொரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. இரண்டாம் வாசிப்பின் இன்பம் முதலாவதைவிடப் பெரியது. அது வேறு ஜாதி இன்பமும்கூட. இப்போது நமக்கு இரண்டு அர்த்தங்களும் தெரியும். மிஸ் பேட்ஸ் வாய் திறந்ததும் பக்கத்தைத் தள்ள மனம் வராது. ஒவ்வொரு அரைவாக்கியமும் தகவலாக ஒலிக்கிறது. சலிப்பு என்று ஒதுக்கியது சாட்சியமாகிறது. சிரிப்பு குறைவதில்லை, ஆள் மாறுகிறது: கேட்காமல் போன எம்மாவையும், போன தடவை வாசித்த நம்மையும் பார்த்துச் சிரிக்கிறோம். கடைசி அத்தியாயத்தில் வான்கோழி திருடு போனதற்குக்கூட இடம் இருக்கிறது, மிஸ் பேட்ஸின் பேச்சுக்கு இல்லை. அவள் அந்த மாடியில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருப்பாள். திரும்பப் போய்க் கேட்பது வாசகரின் பொறுப்பு.