'போகலாம்' முதல் கேட் பாஸ் வரை!

வியாழக்கிழமை காலை 10 மணி. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்த பாட்டியின் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கீங்கம்மா, இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். 10.10-க்கெல்லாம் பாட்டி தலைசீவி, சேலை மாற்றி, ஃபிளாஸ்க்கைப் பைக்குள் திணித்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாயிற்று!

அந்தப் 'போகலாம்' அதற்கப்புறம் எங்கெல்லாம் போகிறது? பாட்டியின் ஃபைல் பின்னாலேயே சுற்ற எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. "வாங்க, ஆனா வழியை மறிச்சு நிக்கக் கூடாது." வார்டு சிஸ்டர் போட்ட ஒரே கண்டிஷன் அதுதான். நீங்களும் சத்தம் போடாமல் என்கூட வாருங்கள்!

முதல் நிறுத்தம், நர்ஸ்கள் உட்காரும் மேஜை. ஆடை படிந்த மூன்று டீ, மூடி தொலைந்த பேனாக்கள், விடாமல் அலறும் இன்டர்காம். நடுவே தூக்கம் வழியும் கண்களோடு டியூட்டி டாக்டர். இன்று அவர் டைப் செய்ய வேண்டிய டிஸ்சார்ஜ் சம்மரி மொத்தம் ஒன்பது. "பழைய சம்மரியைக் காப்பி பண்ணித் திருத்துறப்ப பார்த்துப் பண்ணுங்க டாக்டர். போன மாசம் ஒரு தாத்தாவுக்குக் கர்ப்பப்பை நார்மல்னு வந்துச்சு" என்று சிஸ்டர் எடுத்துவிட, மேஜையே குலுங்கியது. பாட்டியின் சம்மரி 11 மணிக்குத் தயார். கையெழுத்துப் போட வேண்டிய பெரிய டாக்டரோ அதற்குள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார்!

சரி, அந்த நேரத்தில் மருந்து ரிட்டர்ன். பயன்படுத்தாத ஊசி, சலைன் பாட்டில், மாத்திரை எல்லாம் ஃபார்மசிக்குத் திரும்பிப் போனால்தான் பில்லை முடிக்க முடியும். ட்ரேயில் வைத்து எண்ணியதில் ஒரு மாத்திரை அட்டை குறைகிறது. அலமாரி, தலையணை, கட்டிலுக்கு அடியில் என்று ஒரே தேடல். கடைசியில் அது கிடைத்தது பாட்டியின் பைக்குள்! "காசு கட்டுறது எம்மவன்தானே தாயி?" என்ற கேள்விக்கு சிஸ்டரிடம் பதில் இல்லை, சிரிப்புத்தான் வந்தது. வியர்க்க விறுவிறுக்க அட்டெண்டர் அண்ணன் ட்ரேயோடு மாடிப்படியில் ஓடுகிறார். லிஃப்ட், ஸ்ட்ரெச்சருக்கு மட்டும்.

கீழ்த்தளத்தில் இன்ஷூரன்ஸ் டெஸ்க். கம்ப்யூட்டர் தலையில் பிள்ளையார் ஸ்டிக்கர், இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், வலது கையில் எலுமிச்சை சாதம் ஸ்பூன். அந்தத் தம்பி பாட்டியின் பில்லை ஏற்றி அனுப்பியபோது மணி 12.20. 2024 மே மாதம் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த 3 மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தந்தாக வேண்டும். அதைத் தாண்டினால், ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்கும் தொகையைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். "ஆனா டாக்டர் 'போகலாம்'னு சொன்ன நேரத்துல இருந்து எண்ண மாட்டாங்க சார். கோரிக்கை அங்க போய்ச் சேர்ந்த நேரத்துல இருந்துதான்" என்று கண்ணடித்தார் தம்பி.

'மூணு நாள் தங்க வைத்தது ஏன்?' என்று அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி. இவர் பதில் தட்டினார். 1.40-க்கு ஒப்புதல் வந்தேவிட்டது! கையுறை போன்ற சில்லறைச் சாமான்களுக்கு மகன் தன் கையிலிருந்து பணம் கட்ட, சிஸ்டர் பாட்டியின் கையில் சலைன் ஏற்றப் போட்டிருந்த வென்ஃபிளான் குழாயை எடுத்துப் பஞ்சை வைத்து அமுக்கினார். கிளம்ப வேண்டியதுதானே?

"மணி என்ன தாயி?" என்றார் பாட்டி. வியாழக்கிழமை ராகு காலம் 1.30 முதல் 3 வரை. மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தாயிற்று! "பாட்டி, இந்தக் கட்டிலுக்காகக் கீழே எமர்ஜென்ஸியில ஒரு பையன் படுத்திருக்கான்" என்றார் சிஸ்டர். பாட்டி ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "கட்டிலை விட்டுடுறேன். வாசலைத்தான் மூணு மணிக்குத் தாண்டுவேன்." பையோடு வராந்தா நாற்காலிக்குக் குடிபெயர்ந்தார். இங்கிலாந்தின் அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே 'டிஸ்சார்ஜ் லவுஞ்ச்' உண்டு. நம் பாட்டி நின்ற இடத்திலேயே ஒன்றைத் திறந்துவிட்டார்!

கணக்குப் பாருங்கள். இன்ஷூரன்ஸுக்குப் போனது 1 மணி 20 நிமிஷம். அதற்கு முன் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கரைந்தது 2 மணி 20 நிமிஷம். ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது அட்மிட் ஆகியிருந்தால், "நாளைக்கு அனுப்புவீங்களா?" என்று முதல் நாள் சாயங்காலமே கேளுங்கள். சம்மரியை அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மிச்ச மருந்தை ராத்திரியே எண்ணிக் கொடுங்கள். அப்படியே, பையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!